வரவு செலவா, ஐந்தொகையா? வீட்டுப் பணத்தை முழுதாகப் பார்க்கும் வழிகள்

வீட்டுக் கடனுக்காக வங்கியில் கொடுத்த படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் குடும்பத்தின் மொத்தச் சொத்தையும் மற்றொன்றில் மொத்தக் கடனையும் எழுத வேண்டும். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, ஆறு மாத வங்கி அறிக்கை என்று எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கி எடுத்துச் சென்றிருந்த எனக்கு அந்த இரண்டு எண்களை மட்டும் எழுத முடியவில்லை. பாலுக்கு எவ்வளவு, பெட்ரோலுக்கு எவ்வளவு என்பதைச் செல்பேசியில் இருந்த செயலி வண்ண வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. படிவம் கேட்டதோ வேறு கேள்வி.

எங்கள் வீட்டு நிலவரம் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தக்கூடியதுதான். இருவருக்கும் வேலை, இரண்டு வங்கிகளில் சம்பளக் கணக்கு, எனக்கு வருங்கால வைப்பு நிதி, மகளுக்குத் தபால் அலுவலகத்தில் செல்வமகள் கணக்கு, இரண்டு ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகள், மாதம் 6,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டுக்கு, ஒரு கூட்டுறவு வங்கியில் வைப்புத்தொகை, 5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, ஒரு நகைக் கடன். இவை போகச் சகலைக்குக் கொடுத்த கைமாற்று ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று முதல் ஏறக்குறைய ஓராண்டு காலம் ஒவ்வொரு வழியாகப் பயன்படுத்திப் பார்த்தேன்: நோட்டுப் புத்தகம், குறுஞ்செய்தியைப் படித்துக் கணக்கெழுதும் செயலி, அக்கவுன்ட் அக்ரிகேட்டர் (நம் ஒப்புதலோடு வங்கி விவரங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் இடைநிறுவனம்) வழியாக இயங்கும் செயலி, எக்செல் தாள். ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பணம் எங்கே போகிறது என்பது ஒரு கேள்வி. இன்றைய தேதியில் நம்மிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. முதலாவது வரவு செலவுக் கணக்கு. இரண்டாவதைப் பழைய கணக்குப்பிள்ளைகள் ஐந்தொகை என்றார்கள், இன்றைய பாடநூல்கள் இருப்புநிலைக் குறிப்பு என்கின்றன. சந்தையில் கிடைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் சொல்லிவிட்டதாகப் பாவனை செய்கின்றன. எந்தக் கருவி நல்லது என்று கேட்பவர், தமக்கு எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

நோட்டிலிருந்து தொடங்குகிறேன். என் அப்பா 33 ஆண்டு காலம் அரசுப் பணியில் இருந்தவர். நீள நோட்டில் ஒரு நாள்கூட விடாமல் செலவு எழுதியவர். பால், காய்கறி, பஸ் கட்டணம், கோயில் உண்டியலில் போட்ட 5 ரூபாய் வரை அதில் இருக்கும். ஓய்வு பெற்ற மாதத்தில், எல்லாவற்றையும் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு தேறும் என்று அம்மா கேட்டபோது, நோட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு விடை சொல்ல இரண்டு வாரம் ஆனது. அத்தனை ஒழுங்கும் முதல் கேள்விக்கு மட்டுமே செலவாகியிருந்தது. ஆனாலும் நோட்டை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ரொக்கமாகக் கைமாறும் பணத்தைப் பதிவு செய்ய அதைவிட நல்ல இடம் இல்லை; கடவுச்சொல் இல்லாமல் வீட்டில் யாரும் திறந்து படிக்கலாம்; கையால் எழுதும்போது ஒரு செலவு மனத்தில் பதிவதுபோல் செயலி தானாகக் குறித்துக்கொள்ளும்போது பதிவதில்லை. பெரும்பாலும் ரொக்கத்தில் வாழும் குடும்பங்களுக்கும் வயதான பெற்றோருக்கும் நான் இன்றும் நோட்டைத்தான் சொல்வேன், ஆண்டுக்கு இரண்டு முறை கடைசிப் பக்கத்தில் ஐந்தொகை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அடுத்தது குறுஞ்செய்திகளைப் படித்துக் கணக்கெழுதும் செயலிகள். வங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியையும் படித்து, எடுத்த தொகை, வந்த தொகை என்று பிரித்து, தாமாகவே வகைப்படுத்துவதுதான் இவற்றின் வேலை. நிறுவிய பத்தாவது நிமிடத்தில் மூன்று மாதக் கணக்கு கண்முன் நிற்கும். உழைப்பில்லாமல் கிடைக்கும் அந்த முதல் காட்சிக்கு மயங்காதவர் குறைவு.

மயக்கம் தெளிந்த மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மாதம் நகையை அடகு வைத்து வாங்கிய 1,80,000 ரூபாய் கணக்கில் வரவானது. செயலி அதை வருமானத்தில் சேர்த்துக்கொண்டது. எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 1,20,000. ஆகவே கடன் வாங்கிய மாதத்தில் எங்கள் வருமானம் இரண்டரை மடங்காக உயர்ந்துவிட்டதாகப் பச்சை நிறத்தில் ஒரு பாராட்டு வந்தது. என் கணக்கிலிருந்து மனைவியின் கணக்குக்கு மாற்றிய 40,000 செலவாகிப் போனது. கிரெடிட் கார்டில் வாங்கிய பொருள்கள் ஒரு முறையும், அந்தக் கார்டுக்குக் கட்டிய 23,400 மறுமுறையும் செலவில் ஏறின. யுபிஐ வந்த பிறகு வகைப்படுத்துவதும் சிக்கலாகிவிட்டது. தெருமுனை மளிகைக் கடைக்குப் பணம் அனுப்பினால் செய்தியில் கடையின் பெயருக்குப் பதிலாகக் கடைக்காரரின் பெயரும் இனிஷியலும்தான் வருகின்றன. அது மளிகையா, மருந்தா, சீட்டுத் தவணையா என்று செயலிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றையும் நாமே திருத்த வேண்டும். திருத்தி முடிப்பதற்குள் நோட்டில் எழுதியிருக்கலாம் என்று தோன்றிவிடும்.

ஐபோனில் இந்த வழி அறவே இல்லை, ஏனெனில் அங்கே செயலிகள் குறுஞ்செய்திப் பெட்டியைப் படிக்க முடியாது. ஆண்ட்ராய்டிலும் 2019 முதல் கூகுள் இந்த அனுமதியைக் கடுமையாக்கியிருக்கிறது. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இலவசமாகக் கணக்கெழுதித் தரும் நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கடன் விற்பதிலிருந்தோ முதலீட்டுத் திட்டங்களை விற்பதிலிருந்தோதான். செலவுக் கணக்குச் செயலியாகப் புகழ்பெற்ற வால்நட்டை 2018-இல் வாங்கியது கேபிட்டல் ஃப்ளோட் என்ற கடன் நிறுவனம். பிறகு அது ஆக்சியோ என்று பெயர் மாறியது. இதில் சட்டத் தவறு ஒன்றும் இல்லை. நம் செலவுப் பழக்கத்தைப் படிப்பவர் நமக்குக் கடன் கொடுக்க விரும்புபவராகவும் இருக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 2007-இல் தொடங்கிக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய மின்ட் 2024 மார்ச்சில் மூடப்பட்டதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பத்தாண்டுக் கணக்கை இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் எழுதி வைத்தால், அவர் வீட்டை விற்கும் நாளில் நாம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது வழி, அக்கவுன்ட் அக்ரிகேட்டர். இதற்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2016-இல் வெளியிட்டது. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒன்மனி, ஃபின்வு, கேம்ஸ்ஃபின்சர்வ், அனுமதி போன்ற நிறுவனங்கள் இதற்கென உரிமம் பெற்றவை. குறுஞ்செய்தியை மோப்பம் பிடிப்பதற்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. எந்தக் கணக்கின் விவரம், எந்த நோக்கத்துக்காக, எத்தனை நாளைக்கு, யாருக்குப் போகலாம் என்று நாம் ஒப்புதல் கொடுத்த பிறகே வங்கி விவரத்தை அனுப்புகிறது. நடுவில் இருக்கும் அக்ரிகேட்டர் அதைப் பிரித்துப் பார்க்கவோ சேர்த்து வைக்கவோ விதியில் இடமில்லை. அது பூட்டிய பையைச் சுமக்கும் தபால்காரர் மட்டுமே. கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். வங்கிக் கணக்கோடு மியூச்சுவல் ஃபண்ட், பங்கு, காப்பீடு, தேசிய ஓய்வூதியத் திட்டம் ஆகியவையும் இந்த ஏற்பாட்டுக்குள் வருகின்றன.

பயன்படுத்தியபோது கண்டவை இரண்டு. கணக்குகளைத் தேடுவது செல்பேசி எண்ணை வைத்து என்பதால், பழைய எண்ணோடு இணைந்திருந்த ஒரு கணக்கு பட்டியலில் வரவே இல்லை; வங்கிக் கிளைக்குச் சென்று எண்ணை மாற்றிய பிறகே வந்தது. ஒப்புதல் திரையில் கால அளவு ஓராண்டு, ஈராண்டு என்று முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தது. எத்தனை பேர் அதைப் படித்துவிட்டு அழுத்துகிறார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான். மற்றபடி, வங்கி, ஃபண்டு, பங்கு என்று முறைப்படுத்தப்பட்ட இடங்களில் மட்டும் பணம் வைத்திருப்பவருக்கு, குறிப்பாகத் திருமணமாகாத, தனியாக வசிக்கும் இளைஞருக்கு, இதைவிட வசதியான வழி இப்போதைக்கு இல்லை. எங்கள் வீட்டுக்கு அது அரைப் படம்தான். தங்கம் அதில் இல்லை, சீட்டு இல்லை, கைமாற்று இல்லை. அரைப் படத்தின் அடியில் மொத்தச் சொத்து மதிப்பு என்று தடித்த எழுத்தில் ஒரு தொகையைக் காட்டும்போது அது பாதியை மறைப்பதோடு நிற்காமல் நம்பவும் வைக்கிறது.

சீட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எந்தக் கருவி நம் ஊருக்குப் பொருந்தும் என்பதற்கு அதுவே நல்ல உரைகல். 20 பேர், 20 மாதம், மாதம் 25,000 ரூபாய், மொத்தம் 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எட்டாவது மாத ஏலத்தில் ஒருவர் 1 லட்சம் தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 4 லட்சம் வரும். தள்ளிய 1 லட்சத்தில் நடத்துபவரின் கமிஷன், மொத்தச் சீட்டுத் தொகையில் 5 சதவீதம், அதாவது 25,000 போக (சட்டம் 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம் வரை அனுமதிக்கிறது), மீதி 75,000 இருபது பேருக்கும் தலா 3,750 ஆகப் பிரியும். ஆகவே அந்த மாதம் ஒவ்வொருவரும் 21,250 கட்டினால் போதும். செயலிக்குத் தெரிவது அந்த 21,250 வெளியே போனது மட்டும்தான். அதைச் செலவு என்று எழுதிக்கொள்ளும். ஆனால் சீட்டு எடுக்காதவருக்கு அது செலவே அல்ல, சேமிப்பு. அவர் அதுவரை கட்டியது முழுவதும் அவருடைய சொத்து. சீட்டு எடுத்துவிட்டவருக்கோ அதே 21,250 கடன் தவணை. மீதமுள்ள 12 மாதங்களுக்கும் சேர்த்து அதிகபட்சம் 3 லட்சம் வரை அவர் தர வேண்டியிருக்கிறது. ஏலத்தில் கூவிய அந்த ஒரு நிமிடத்தில், சொத்துப் பத்தியில் இருந்த சீட்டு கடன் பத்திக்குத் தாண்டிவிடுகிறது. இதை எந்தச் செயலியும் எனக்குக் காட்டவில்லை. நான் நான்காவது மாதமே எடுத்துவிட்ட சீட்டை, படிவம் நிரப்பும் நாள் வரை மனத்துக்குள் சேமிப்பு என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் எங்கள் வீட்டுக்கு எக்செல் தாள் என்று முடிவு செய்தேன். கணக்கியல் தெரிந்தவர்களுக்கு க்னுகேஷ் போன்ற இரட்டைப் பதிவு (ஒவ்வொரு தொகையையும் வந்த இடம், போன இடம் என்று இரண்டு கணக்கிலும் எழுதும்) மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றுவதைச் செலவாகக் காட்டும் பிழை அவற்றில் வராது. ஆனால் பற்று எது, வரவு எது என்று வீட்டில் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தும் பொறுமை எனக்கு இல்லை.

தாளில் இருப்பது 22 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சொத்து அல்லது ஒரு கடன். ஒவ்வொரு பத்தியிலும் ஒரு காலாண்டுத் தேதி. பழைய பத்தியை அழிப்பதில்லை, பக்கத்தில் புதியது சேரும். கடைசிப் பத்தியில் தொகை கிடையாது. அதற்கான ஆவணம் பீரோவில் எந்தக் கோப்பில் இருக்கிறது, நியமனதாரர் யார் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். கடவுச்சொற்களை அதில் எழுதுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றரை மணி நேர வேலை.

எண்களை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் தளர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் பாதி விவரத்தை அரசு விதிகளே நமக்காகச் சேர்த்து வைத்திருக்கின்றன. டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) உள்ளவர்களுக்குப் பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் பான் எண்ணின்கீழ் ஒரே அறிக்கையாக மின்னஞ்சலில் வருகின்றன. பரிவர்த்தனை நடந்த மாதங்களில் அந்தந்த மாதமும், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும். அதைத் திறக்காமலே குப்பையில் தள்ளுபவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். வருமான வரித் தளத்தில் 2021 நவம்பர் முதல் கிடைக்கும் வருடாந்திரத் தகவல் அறிக்கை வரிக்காக ஏற்பட்டதென்றாலும், மறந்துபோன கணக்குகளைக் கண்டுபிடிக்கச் சிறந்த கருவி. முன்பு வேலை பார்த்த ஊரில் திறந்து மறந்துவிட்ட ஒரு சேமிப்புக் கணக்கை, அதில் வரவாகியிருந்த 212 ரூபாய் வட்டிதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. பெற்றோர் பெயரில் பத்தாண்டுக்கு மேல் தீண்டாமல் கிடக்கும் வைப்புத்தொகை ஏதும் உண்டா என்று பார்க்க, ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய உத்கம் தளம் இருக்கிறது.

கடன் பக்கத்துக்குக் கடன் தகவல் அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன்கூட அதில் நம் பெயரில் நிற்கும். வெறும் கடன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடாமல் உள்ளே படிக்க வேண்டும்.

எந்த எண்ணை எழுதுவது என்பதிலும் சில இடங்களில் சறுக்கல் உண்டு. ஆயுள் காப்பீட்டில் காப்பீட்டுத் தொகையை எழுதிப் பெருமைப்படக் கூடாது. இன்று ஒப்படைத்தால் கிடைக்கும் சரண்டர் மதிப்பையே எழுத வேண்டும், அது பல நேரம் கட்டிய பிரீமியத்தைவிடக் குறைவாக இருக்கும். வருங்கால வைப்பு நிதிப் பாஸ்புக்கில் நம் பங்கு, நிறுவனத்தின் பங்கு, ஓய்வூதியப் பங்கு என்று மூன்று பத்திகள் இருக்கும். மாதம் 1,250 ரூபாய் வரை போகும் மூன்றாவது பத்தி நமக்கு இருப்பாகச் சேர்வதில்லை, ஆகவே முதல் இரண்டை மட்டும் கூட்ட வேண்டும். வீட்டுக் கடனுக்கு நிலுவை அசல். மீதமுள்ள தவணைகளின் கூட்டுத்தொகை அல்ல.

தங்கத்துக்கு மட்டும் நான் எல்லோரும் ஒப்புக்கொள்ளாத ஒரு முறையைப் பின்பற்றுகிறேன். சவரன் எத்தனை என்று எடையை எழுதுகிறேன். ரூபாய் மதிப்பை மொத்தத்தில் சேர்ப்பதில்லை. செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வருவதில்லை என்பது ஒரு காரணம். விலை ஏறும் காலாண்டில் நாம் ஒன்றும் சேமிக்காமலே பணக்காரராகிவிட்டதாகத் தாள் காட்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் அந்த நகையின்மேல் வாங்கிய கடன், ரூபாயாகக் கடன் பக்கத்தில் முழுமையாக நிற்கும். இது கொஞ்சம் கறாரான கணக்குதான். மகள் திருமணம் வரை விற்கப்போவதில்லை என்று முடிவாகிவிட்ட நகைக்கு இந்தக் கறார் பொருந்தும் என்பது என் எண்ணம். முதலீடாகத் தங்கப் பத்திரம் வைத்திருப்பவர்கள் தாராளமாக மதிப்பைச் சேர்க்கலாம்.

எக்செல் தாளின் குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரியது: அதை நிரப்புபவர் நிரப்பினால்தான் உண்டு. மாதச் செலவை அதில் எழுத முயன்று இரண்டாவது வாரமே கைவிட்டேன். ஆகவே அன்றாடச் செலவை மனைவி சமையலறை நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் சிறிய நோட்டில் எழுதுகிறார், அதுவும் ரொக்கச் செலவை மட்டும். வங்கி வழியாகப் போனதை மாதக் கடைசியில் அறிக்கையிலிருந்து ஒரே கூட்டாக எடுத்துக்கொள்கிறோம். குறுஞ்செய்திச் செயலியை நீக்கியாயிற்று. அக்ரிகேட்டர் ஒப்புதலையும் ரத்து செய்துவிட்டேன். இருப்புத் தொகைகளை எடுக்க அது வசதிதான், ஆனால் காலாண்டுக்கு ஒரு முறை நான்கு எண்களைப் பார்க்க ஆண்டு முழுவதும் கதவைத் திறந்து வைப்பானேன் என்று தோன்றியது.

முதல் தாளை நிரப்பிய அன்றே இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. கூட்டுறவு வங்கியில் 6.8 சதவீத வட்டிக்கு வைப்புத்தொகை கிடக்க, நான்கு தெரு தள்ளி 9.5 சதவீத வட்டிக்கு நகைக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் வெவ்வேறு கோப்புகளில் இருந்ததால் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. மேலும் அந்த ஒரே வங்கியில் சேமிப்பும் வைப்பும் வட்டியும் சேர்ந்து 5 லட்சத்தைத் தாண்டியிருந்தது. வைப்புத்தொகைக் காப்பீடு 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான். ஒரு பகுதியை முன்கூட்டியே முடித்து நகையை மீட்டோம். அபராத வட்டி போகவும் எங்களுக்கு லாபம்தான்.

சகலையின் கைமாற்றில்தான் கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. 75,000 ரூபாய், நான்கு ஆண்டு ஆகிறது. கொடுத்த பணம் என்பதால் அது சொத்துதான் என்றேன் நான். அப்படியே வரிசையில் சேர்த்துக்கொண்ட மனைவி, யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதையெல்லாம் ஒழுங்காக நிரப்பிவிட்டு, இன்றைய மதிப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார்.